மல்டிகோர் லினக்ஸ்: பாண்டி, கடலூர் பசங்க என்கிட்ட கேக்குற கேள்விங்களும் என் பதிலும்

பாண்டில லினக்ஸ் சர்வர் பாத்துக்குற வேலை எனக்கு, சாயங்காலத்துல லாஸ்பேட்டைல இன்ஜினியரிங் பசங்க சில பேருக்கு ஓஎஸ் பேப்பர் சொல்லித்தர்றேன். கடலூர்ல இருந்து பஸ் புடிச்சி வர்றவங்களும் உண்டு. அவங்க கேக்குறதும் கடைக்காரங்க, ஆபீஸ்காரங்க கேக்குறதும் கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிப் போட்டுட்டேன். ஆர்டர்லாம் பாக்காதீங்க.

அண்ணா, எஸ்எம்பி எஸ்எம்பின்றாங்களே, அது என்ன?

சிம்மெட்ரிக் மல்டிப்ராசசிங். ஒரு மெஷின்ல எத்தன சிபியு இருந்தாலும் எல்லாத்துக்கும் உரிமை சமம் (வேகம் வேற வேற இருக்கலாம்), எல்லாத்துக்கும் ஒரே மெமரி, மேல ஓடுறது ஒரே கெர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி), அந்த கெர்னல் கோடை எந்த சிபியு வேணா ஓட்டலாம். இதுல மெயின் சிபியு, அடிமை சிபியுன்னு பிரிவு கெடையாது. முன்னலாம் மதர்போர்டுல சிப்பு மாட்டுற சாக்கெட் ரெண்டு இருந்தாதான் இது, இப்ப ஒரே சிப்புக்குள்ள நாலு, எட்டு சிபியுன்னு (இதான் கோர்) வந்துட்டதால உங்க பாக்கெட்ல இருக்குற போனே எஸ்எம்பி மெஷின்தான். கெர்னலுக்கு சாக்கெட்டு, கோர், த்ரெட் (ஒரே கோர் ரெண்டு சிபியு மாதிரி காட்டிக்கிற பிரிவு) எல்லாமே முதல்ல ஒரு நம்பர்தான், சிபியு 0, சிபியு 1ன்னு எண்ணிக்கிட்டே போவும். எது யாரு பக்கத்துல ஒக்காந்திருக்குன்ற கணக்கு அதுக்கப்புறம்.

என் லேப்டாப்ல எத்தன கோர்னு எப்டி பாக்குறது? கடைக்காரர் 12ன்றார், பாக்ஸ்ல 10ன்னு போட்டிருக்கு.

ரெண்டு பேர் சொல்றதும் சரியா இருக்கலாம். டெர்மினல்ல எல்எஸ்சிபியு (lscpu) கமாண்ட அடிச்சீங்கன்னா சாக்கெட் எத்தன, ஒரு சாக்கெட்டுக்கு கோர் எத்தன, ஒரு கோருக்கு த்ரெட் எத்தனன்னு தனித்தனியா காட்டும். இன்டெல் ஐ5-1235யு மாதிரி சிப்புல 2 பெரிய கோர், 8 சின்ன கோர், பெரிய கோர் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு த்ரெட், அதனால கோர் 10, த்ரெட் 12. லினக்ஸ் உங்களுக்கு 12 சிபியுன்னுதான் காட்டும். ஆனா அந்த 12ம் ஒரே வேகம்னு நெனச்சிடாதீங்க.

தமிழ்நாடு அரசு ஸ்கூல் பசங்களுக்கு குடுத்த லேப்டாப் வெச்சிருக்கீங்களா, பாஸ் (BOSS) லினக்ஸோட வந்துச்சே, அதுல பல மாடல் ரெண்டு கோர்தான். இந்தப் பேஜ்ல இருக்குற எல்லாத்தையும் ட்ரை பண்ண ரெண்டு கோர் தாராளம், புதுசு வாங்கித்தான்னு வீட்ல அடம் புடிக்காதீங்க.

லினக்ஸ்ல இந்த சப்போர்ட் எப்ப வந்துச்சு?

1996 ஜூன்ல வந்த 2.0 வெர்ஷன்ல. ஆலன் காக்ஸ்தான் ஆரம்ப வேலைய செஞ்சாரு, கால்டெராங்கிற கம்பெனி அதுக்கு டூயல் பென்டியம் மெஷின் குடுத்துச்சு. ஆனா அன்னிக்கி வந்தத இன்னிக்கி இருக்குறதோட சேத்து வெச்சி பேசக்கூடாது, ஏன்னா அப்ப கெர்னல் முழுசுக்கும் ஒரே ஒரு பூட்டு (ஒரு நேரத்துல ஒருத்தர மட்டும் உள்ள விடற ஏற்பாடு, லாக்னு சொல்வாங்க), பேரு பிக் கெர்னல் லாக். யூசர் ப்ரோக்ராம் ரெண்டு சிபியுலயும் ஜாலியா ஓடும், ஆனா ஃபைல் படிக்கணும், நெட்வொர்க்ல அனுப்பணும்னு கெர்னலுக்குள்ள நுழையும்போது ஒரு நேரத்துல ஒரு சிபியுதான் உள்ள, மத்தது வாசல்ல நிக்கணும்.

நம்ம கடலூர் பக்கம் ரேஷன் கடைய நெனச்சிக்கோங்க, உள்ள நாலு பேர் வேல செய்யறாங்க, அரிசி போட ஒருத்தர், சக்கரை போட ஒருத்தர், ஆனா கைரேகை வெக்கிற மெஷின் ஒண்ணே ஒண்ணு. இன்னும் நாலு பேர வேலைக்கு சேத்தாலும் க்யூ அதே வேகத்துலதான் நகரும்.

ஏன் அப்டி மோசமா டிசைன் பண்ணாங்க?

மோசம்னு சொல்ல முடியாது தம்பி. ஒரே சிபியுன்னு நெனச்சி எழுதுன லட்சக்கணக்கான லைன் கோட் இருக்கு, அத ஒரே நாள்ல ரெண்டு சிபியுக்கு பாதுகாப்பா மாத்த முடியாது. முதல்ல மொத்தத்துக்கும் ஒரு பூட்டு போட்டு ஓட வெச்சிட்டு, அப்புறம் ஒவ்வொரு பகுதியா தனிப் பூட்டு போட்டுக்கிட்டே வர்றதுதான் நடைமுறை வழி. லினக்ஸ் மாதிரியே யூனிக்ஸ் வகை ஓஎஸ்ஸான ஃப்ரீபிஎஸ்டியும் இதே மாதிரிதான் பண்ணுச்சு, அங்க அந்தப் பூட்டுக்கு பேரே ஜயன்ட்.

கஷ்டம் என்னன்னா அந்தப் பெரிய பூட்டு ஒரு விசித்திரமான பூட்டு. ஒரு தடவ எடுத்தவனே திரும்ப எடுக்கலாம், மாட்டிக்க மாட்டான். எடுத்தவன் தூங்கப் போனா தானா கழண்டுக்கும், எழுந்தா தானா மாட்டிக்கும். இதனால பழைய டிரைவர்ல எந்த எடத்துல அந்தப் பூட்ட நம்பி கோட் எழுதியிருக்காங்கன்னு கோட படிச்சி கண்டுபுடிக்கவே முடியாது, ஏன்னா எழுதுனவருக்கே தெரியாம அது காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கும். 1999ல வந்த 2.2ல கொஞ்சம் பிரிச்சாங்க, 2001ல 2.4ல இன்னும் கொஞ்சம், 2003 டிசம்பர்ல 2.6 வந்தப்ப அடிக்கடி போற பாதை பெரும்பாலும் க்ளியர், ஆனா மூலை முடுக்குல ஒட்டிக்கிட்டு இருந்தத கடைசியா தொடச்சி எடுத்தது ஆர்ன்ட் பெர்க்மன், 2011 மே மாசம் 2.6.39ல. போட்ட பூட்ட எடுக்க கிட்டத்தட்ட 15 வருஷம்.

மல்டிப்ராசசர் சப்போர்ட்னா ஏதோ ஒரு ஃபீச்சர் ஆன் பண்ற மாதிரி கேக்குறாங்க சில பேரு. சிபியுவ எழுப்பி விடறது சின்ன வேல, எவன் எவனுக்காக காத்துக்கிட்டு நிக்கிறான்னு தேடித்தேடி கொறைக்கிறதுலதான் மீதி வாழ்க்கை முழுக்க போவும்.

சரி, பூட்டு போடாமயே விட்டா என்ன ஆவும்? லேப்ல எனக்கு ஒண்ணும் ஆவலையே?

ஒண்ணும் ஆவலன்னா இன்னும் மாட்டலன்னு அர்த்தம். இத கைல செஞ்சே பாருங்க. சி-ல ஒரு க்ளோபல் கவுண்ட்டர், ஆரம்பம் 0. ரெண்டு த்ரெட் (இங்க த்ரெட்னா ஒரே ப்ரோக்ராமுக்குள்ள தனித்தனியா ஓடுற வேல), ஒவ்வொண்ணும் 10 லட்சம் தடவ அதுல ஒண்ண கூட்டணும். கடைசில 20 லட்சம் வரணும் இல்லியா, ஆப்டிமைசேஷன் இல்லாம கம்பைல் பண்ணி ஓட்டுங்க, பெரும்பாலும் 12 லட்சத்து சொச்சம் மாதிரி கம்மியா வரும், இன்னொரு தடவ ஓட்டுனா வேற நம்பர், அடுத்து வேற.

காரணம் இதான். நமக்கு ஒரே லைன், மெஷினுக்கு அது மூணு வேல: மெமரில இருந்து எடு, ஒண்ணு கூட்டு, திரும்ப மெமரில வை. சிபியு 0 போயி 41ன்னு எடுக்குது, அதே நேரத்துல சிபியு 1ம் போயி 41ன்னு எடுக்குது, ரெண்டும் 42 ஆக்குது, ரெண்டும் 42ன்னு எழுதுது. ரெண்டு பேர் வேல செஞ்சாங்க, கணக்குல ஒண்ணுதான் ஏறுச்சு.

இதுல ஒரு கூத்து இருக்கு. அதே ப்ரோக்ராம ஆப்டிமைசேஷன் லெவல் 2 வெச்சி கம்பைல் பண்ணா பல நேரம் கரெக்டா 20 லட்சம் வந்துடும், பசங்க உடனே சரியாயிடுச்சுன்னு மூட்டைய கட்டிடுவாங்க. கம்பைலர் அந்த லூப்பயே தூக்கிட்டு மொத்தமா 10 லட்சத்த ஒரே தடவைல கூட்டிடும், அதனால இடிச்சிக்கிற வாய்ப்பு கொறஞ்சிடுச்சு, தப்பு அப்டியேதான் இருக்கு. இப்டிப்பட்ட தப்புதான் டெமோ அன்னிக்கி ஹெச்ஓடி முன்னாடி வெளிய வரும்.

இன்னொண்ணு, பிசில நல்லா ஓடுறது ராஸ்பெர்ரி பைன்ற குட்டி கம்ப்யூட்டர்ல ஒடையலாம். இன்டெல், ஏஎம்டி சிப்புங்க மெமரில எழுதுறத மத்த சிபியுக்கு பெரும்பாலும் வரிசை மாறாம காட்டும், ராஸ்பெர்ரி பைல இருக்குற ஏஆர்எம் வகை சிப்பு அவ்ளோ கட்டுப்பாடு வெச்சிக்கிறதில்ல. டேட்டாவ எழுதிட்டு ரெடின்னு ஒரு ஃப்ளாக் போட்டிருப்பீங்க, பக்கத்து கோருக்கு ஃப்ளாக் முன்னாடியும் டேட்டா பின்னாடியும் தெரியலாம். அந்த வரிசை மாறாம பாத்துக்கதான் மெமரி பேரியர்னு ஒரு கட்டளை. சரியான லாக் யூஸ் பண்ணா அதுக்குள்ளயே பேரியர் இருக்கும், நீங்க தனியா கவலப்பட வேணாம்.

ஸ்பின்லாக்குக்கும் மியூட்டெக்ஸுக்கும் வித்தியாசம் என்ன? எக்ஸாமுக்கு வேணும்.

எக்ஸாமுக்கு: ரெண்டுமே பூட்டு வகைதான், பூட்டு கெடைக்கலன்னா மியூட்டெக்ஸ்காரன் தூங்கப் போவான், ஸ்பின்லாக்காரன் கெடச்சிடுச்சா கெடச்சிடுச்சான்னு சுத்திக்கிட்டே நிப்பான். அஞ்சு மார்க் வாங்கிக்கோங்க.

உண்மைல தெரிஞ்சிக்க வேண்டியது வேற. ஸ்பின்லாக்க புடிச்சிக்கிட்டு தூங்கவே கூடாது. அப்புறம், நீங்க சிபியு 0ல ஒரு ஸ்பின்லாக் புடிச்சிருக்கும்போது அதே சிபியுல ஒரு இன்டரப்ட் (கீபோர்டு, டிஸ்க் மாதிரி ஏதாவது நடுவுல கூப்புடுறது) வந்து, அத கவனிக்கிற கோட், அதாவது ஹேண்ட்லரும் அதே பூட்ட கேட்டுச்சுன்னா கதை முடிஞ்சிச்சு, ஹேண்ட்லர் முடியாம நீங்க தொடர முடியாது, நீங்க விடாம ஹேண்ட்லர் முடியாது. அதனாலதான் இன்டரப்ட் ஹேண்ட்லரோட பங்கு போட்டுக்குற டேட்டான்னா இன்டரப்ட்ட அடைச்சிட்டு பூட்டு எடுக்குற வகைய யூஸ் பண்றோம். இந்த மாதிரி சிக்கல ஓடும்போதே புடிக்க லாக்டெப்னு ஒரு கருவி கெர்னலுக்குள்ளயே இருக்கு, 2006ல 2.6.18ல வந்துச்சு. டிரைவர் எழுதுற ப்ராஜெக்ட் எடுத்திருந்தீங்கன்னா மொத நாளே அத ஆன் பண்ணிடுங்க.

ஆர்சியுன்னு ஒண்ணு எங்க பாத்தாலும் வருதே?

ரீட் காப்பி அப்டேட். படிக்கிறவங்க நெறைய, மாத்துறவங்க கம்மின்ற டேட்டாவுக்கு அது. படிக்கிறவங்க பூட்டே போட வேணாம், அப்டியே போயி படிக்கலாம். மாத்துறவர் பழசுல கை வெக்காம ஒரு காப்பி எடுத்து அதுல மாத்தி, பாயின்ட்டர (டேட்டா எங்க இருக்குன்னு காட்டுற குறிப்பு) மட்டும் டக்குனு புதுசுக்கு திருப்பி விடுவாரு. பழசப் படிச்சிக்கிட்டு இருந்தவங்க எல்லாரும் முடிச்சிட்டாங்கன்னு உறுதியானப்புறம்தான் பழசோட மெமரிய விடுவாங்க. பால் மெக்கென்னியோட பேர்தான் இதுல முக்கியமா வரும், 2002ல 2.5 டெவலப்மென்ட் சீரிஸ்ல லினக்ஸுக்குள்ள வந்துச்சு. ரவுட்டிங் டேபிள், ஃபைல் பேர் தேடுறதுன்னு வேகமா நடக்க வேண்டிய எடத்துலலாம் இருக்கு. முழுசா புரிய நாள் ஆவும், பரவால்ல.

தம்பி, 8 கோர் மெஷின் போட்டேன், பழைய மெஷின் மாதிரியே இழுக்குது. ஏமாத்திட்டானா?

இத கேக்குறவங்க பெரும்பாலும் கடை வெச்சிருக்குற அண்ணனுங்க. ஏமாத்தல. பெரும்பாலும் கோர் பிரச்சனையே இல்லாத எடத்துல கோர் வாங்கிப் போட்டிருப்பீங்க.

டெர்மினல்ல டாப் கமாண்ட் போட்டுட்டு கீபோர்டுல 1ஐ அமுக்குங்க. ஒவ்வொரு சிபியுக்கும் ஒரு வரி வரும். கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு டிடிபி கடைல இப்டித்தான் பாத்தோம்: கல்யாணப் பத்திரிக பிடிஎஃப் கன்வெர்ட் ஆயிக்கிட்டு இருக்கு, சிபியு 3 மட்டும் 100ல நிக்குது, மத்த ஏழும் சும்மா 98, 99ன்னு ஐடில் காட்டுது. கொஞ்ச நேரத்துல அந்த 100 அப்டியே சிபியு 5க்கு தாவுச்சு, ஓனரு பாருங்க வேற ஒண்ணும் வேல செய்யுதுன்னாரு, அது அதே ஒரே த்ரெட், கெர்னல் எடம் மாத்தி ஒக்கார வெச்சிருக்கு, அவ்ளோதான். அந்த சாஃப்ட்வேர் ஒரே த்ரெட்ல எழுதினது. 64 கோர் போட்டாலும் அதே நேரம்தான் எடுக்கும், அதுக்கு தனிக் கோர் வேகமா இருக்குற சிப்பு வேணும்.

இன்னொரு விதம், எல்லா சிபியுவும் ஐடில், ஆனா டபிள்யூஏ (wa)ன்ற எண் மட்டும் ஏறி நிக்கும். அது டிஸ்க்குக்காக காத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி போடுங்க, கோர கைவெக்காதீங்க.

சரி, நல்லா மல்டி த்ரெட் எழுதுன ப்ரோக்ராமுக்கும் ஒரு எல்ல இருக்கு. ஜீன் ஆம்டால் 1967ல சொன்ன கணக்கு. வேலைல 90 சதவீதம் பிரிச்சிக் குடுக்கலாம், 10 சதவீதம் ஒருத்தரேதான் செய்யணும்னு வெச்சிக்கோங்க. 4 கோர்ல 3 மடங்கு வேகம் வரும், 8ல 4.7 மடங்கு, 16ல 6.4 மடங்கு. ஆயிரம் கோர் போட்டாலும் 10 மடங்க தாண்டாது. 8லருந்து 16க்கு போக எவ்ளோ காசு குடுக்குறீங்க, எவ்ளோ கெடைக்குதுன்னு நீங்களே பாத்துக்கோங்க. அது போக, எல்லா கோருக்கும் ஒரே ராம் பாதைதான்.

லாக்கே இல்ல, தனித்தனி வேரியபிள்தான், அப்பவும் ஸ்லோவா இருக்கே?

அந்த வேரியபிள்ங்க மெமரில ஒட்டி ஒட்டி இருக்கான்னு பாருங்க. சிபியு மெமரிய ஒவ்வொரு பைட்டா கேஷுக்கு (கோர் பக்கத்துலயே இருக்குற வேகமான குட்டி மெமரி) எடுக்காது, எக்ஸ்86ல, அதாவது இன்டெல், ஏஎம்டி வகைல, 64 பைட் கட்டாதான் எடுக்கும். உங்க கவுண்ட்டரும் பக்கத்து த்ரெட்டோட கவுண்ட்டரும் அதே 64 பைட்டுக்குள்ள இருந்தா, நீங்க எழுதும்போதெல்லாம் அவரோட கேஷ்ல இருக்குற காப்பி செல்லாமப் போவுது, அவர் எழுதும்போது உங்களது செல்லாமப் போவுது, அந்தக் கட்டு ரெண்டு கோருக்கும் நடுவுல அலைஞ்சிக்கிட்டே கெடக்கும். ஃபால்ஸ் ஷேரிங்ன்றாங்க. நடுவுல காலி எடம் விட்டு தள்ளி வெச்சாலே சரியாவும். கெர்னல்ல அதுக்காகவே ஒவ்வொரு சிபியுக்கும் தனி வேரியபிள் வெக்கிற ஏற்பாடு இருக்கு.

எந்த வேல எந்த கோருக்குன்னு யாரு முடிவு பண்றது?

ஷெட்யூலர். 2.4 வரைக்கும் எல்லா சிபியுக்கும் சேத்து ஒரே வெயிட்டிங் லிஸ்ட்டு, அதுக்கு ஒரே பூட்டு, சிபியு சேர சேர அங்கயே தள்ளுமுள்ளு. 2.6ல இங்கோ மோல்னார் எழுதுன ஷெட்யூலர்ல சிபியுக்கு ஒரு லிஸ்ட்டுன்னு பிரிச்சாச்சு, ஒண்ணு காலியா கெடந்து இன்னொண்ணு நெரிசல்னா அங்கருந்து இங்க இழுத்துக்கும். 2007ல 2.6.23ல சிஎஃப்எஸ்னு புது ஷெட்யூலர் வந்துச்சு, 2023ல 6.6ல ஈஈவிடிஎஃப்னு அடுத்தது வந்துச்சு, ஆனா சிபியுக்கு ஒரு லிஸ்ட்டுன்றது மாறல.

ஒரு வேலைய கோர் விட்டு கோர் மாத்துனா பழைய கோரோட கேஷ்ல சூடா இருந்த டேட்டாலாம் வீண், அதனால சும்மா சும்மா மாத்தாது. போன் மாதிரி பெரிசு சின்னது கலந்த சிப்புல இன்னும் சிக்கல், பாட்டு கேக்குறதுக்கு எதுக்கு பெரிய கோர எழுப்பணும், அந்தக் கணக்குக்கு எனர்ஜி அவேர் ஷெட்யூலிங் 2019ல 5.0ல சேந்துச்சு.

டாஸ்க்செட் கமாண்டால நீங்களே ஒரு ப்ரோக்ராம குறிப்பிட்ட சிபியுல கட்டி வெக்கலாம். மெஷர் பண்ணாம கட்டாதீங்க, ஷெட்யூலர் பல நேரம் நம்மள விட நல்லாவே பாத்துக்கும்.

ஹைப்பர் த்ரெடிங்க ஆஃப் பண்ணணுமா?

வீட்டு மெஷின்ல வேணாம். ஒரு கோர ரெண்டு த்ரெட்டா காட்டுறதுன்னு மேல சொன்னேனே, அதான் ஹைப்பர் த்ரெடிங். ஒரு கோருக்குள்ள ரெண்டு த்ரெட் ஒரே கேஷையும் மத்த பாகத்தையும் பங்கு போட்டுக்குது, ஒருத்தர் என்ன செய்யறார்னு இன்னொருத்தர் மோப்பம் புடிக்கிற வழி இருக்குன்னு 2018ல வரிசையா வெளிய வந்துச்சு. ஓபன்பிஎஸ்டி (பாதுகாப்புக்கு பேர்போன இன்னொரு ஓஎஸ்) அந்த வருஷமே டீஃபால்ட்டா ஆஃப் பண்ணிடுச்சு, அவங்க குணம் அப்டி. லினக்ஸ் தடுப்பு வேலைங்கள உள்ள வெச்சிட்டு, ஆஃப் பண்ணணும்னா பூட் லைன்ல ஒரு ஆப்ஷன் குடுத்து முடிவ உங்ககிட்டயே விட்டுடுச்சு. முன்ன பின்ன தெரியாத பலரோட விர்ச்சுவல் மெஷின்கள ஒரே சர்வர்ல ஓட்டுறீங்கன்னா யோசிக்கணும். கேம் ஆடுற லேப்டாப்ல இதப் போட்டு குழப்பிக்காதீங்க.

பிஎஸ்டிங்க இதுல லினக்ஸ விட பின்தங்கியிருக்கா?

ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி. ஃப்ரீபிஎஸ்டி 1998ல 3.0ல எஸ்எம்பி கொண்டாந்து, 2003ல 5.0லருந்து ஜயன்ட்ட பிரிக்க ஆரம்பிச்சு, இன்னிக்கி பெரிய சர்வருக்கெல்லாம் தாராளமா ஓடுது. அந்த பிரிக்கிற முறை புடிக்காம மேத்யூ டில்லன் 2003ல தனியா போயி ட்ராகன்ஃப்ளை ஆரம்பிச்சாரு, பூட்டு எப்டி போடறதுன்ற சண்டைல ஒரு ஓஎஸ்ஸே பொறந்துடுச்சு பாருங்க. ஓபன்பிஎஸ்டி 2004ல 3.6ல கொண்டாந்துச்சு, இன்னும் பெரிய பூட்ட கொஞ்சம் கொஞ்சமாத்தான் பிரிச்சிக்கிட்டு இருக்கு, அவங்களுக்கு அவசரம் இல்ல.

படிக்கணும்னா இதுங்க எதுவும் வேணாம், எம்ஐடியோட எக்ஸ்வி6 எடுங்க, பாடம் நடத்தவே எழுதுன குட்டி ஓஎஸ். சின்ன கோட், ஓப்பன் சோர்ஸ், க்யூஇஎம்யுல (ஒரு மெஷினையே சாஃப்ட்வேர்ல உருவாக்கிக் காட்டுற ப்ரோக்ராம்) டீஃபால்ட்டாவே 3 சிபியுவோட ஓடும். அதுல ஸ்பின்லாக் ஃபைல் ஒரே மூச்சுல படிச்சி முடிக்கலாம். பூட்டு எடுக்குற ஃபங்ஷன்ல மொத வரில இன்டரப்ட்ட அடைக்கிறத பாப்பீங்க, மேல சொன்னேனே அதே காரணம்தான்.

மெஷின் ஆன் பண்ண உடனே எல்லா கோரும் ஒண்ணா கெளம்புமா?

இல்ல. பிசில ஒண்ணுதான் பூட் ஆவும், மத்ததெல்லாம் கம்முனு காத்திருக்கும். கெர்னல் ஓரளவு செட்டானப்புறம் பயாஸ் குடுக்குற ஏசிபிஐ டேபிள்ல எத்தன சிபியு இருக்குன்னு பாத்து ஒவ்வொண்ணுக்கும் ஸ்டார்ட்டப் சிக்னல் அனுப்பி எழுப்பும். டிமெசேஜ் (dmesg) கமாண்டோட அவுட்புட்ல எஸ்எம்பின்னு தேடுனா எழுப்புற வரிங்கள பாக்கலாம். ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு சிபியுவ ஆஃப்லைன் பண்ணவும் முடியும், சிஸ் (/sys) ஃபோல்டருக்குள்ள அதோட ஆன்லைன் ஃபைல்ல 0 எழுதணும், திரும்ப 1 எழுதுனா வந்துடும். சிபியு 0வ மட்டும் பெரும்பாலும் விடாது.

விர்ச்சுவல்பாக்ஸ்ல உபுண்டு போட்டேன், ஒரே சிபியு காட்டுது.

நீங்க குடுத்தது ஒண்ணுதான். அந்த விர்ச்சுவல் மெஷின ஆஃப் பண்ணிட்டு செட்டிங்ஸ்ல சிஸ்டம், ப்ராசசர் போயி 2 ஆக்குங்க, ஐஓ ஏபிக்ன்ற ஆப்ஷனும் டிக் ஆயிருக்கணும், இல்லன்னா ஒண்ணுக்கு மேல ஓடாது. இருக்குற எல்லா கோரையும் உள்ள குடுத்துடாதீங்க, வெளிய இருக்குற ஓஎஸ் திணறும்.

கெர்னல் கம்பைல் பண்ண எத்தன ஜாப் குடுக்கறது? மே மாசத்துல லேப்டாப் கொதிக்குது.

மேக் கமாண்டுக்கு மைனஸ் ஜே போட்டு (ஒரே நேரத்துல எத்தன வேலன்னு சொல்றது) என்ப்ராக் (nproc) கமாண்ட் காட்டுற நம்பர குடுக்கறது வழக்கம். ஆனா ராம் 4 ஜிபின்னா கொறச்சிக்கோங்க, ஒவ்வொரு ஜாபும் மெமரி தின்னும், ராம் பத்தாம டிஸ்க்ல இருக்குற ஸ்வாப்புக்கு போயிடுச்சுன்னா மொத்தமும் நத்தை. அக்னி நட்சத்திரத்துல ஃபேன் காத்தே சூடா வருது, சிப்பு தன்னக் காப்பாத்திக்க வேகத்த தானா எறக்கிடும், அப்ப 8 ஜாபுக்கும் 4 ஜாபுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பாதி குடுத்துட்டு ராத்திரில போட்டு விடுங்க, பேட்டரி வீக்கா இருந்தா கரண்ட் போனா காலைல நீட்டா திரும்ப அதே கமாண்ட அடிச்சா போதும், முடிஞ்ச ஃபைல்கள விட்டுட்டு மிச்சத்துலருந்து தொடரும்.